சென்னை வெயிலில் தேன்: எச்.எம்.எப். ஏறாமல் வாங்க, வைக்க, பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

தேன் கெட்டுப்போகாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். புழு வைக்காது, எளிதில் பூஞ்சை பிடிக்காது என்ற அளவில் அது சரிதான். ஆனால் மூடி திறக்காத பாட்டிலுக்குள்ளும் தேன் சும்மா இருப்பதில்லை. அதில் இருக்கும் சர்க்கரையில் ஒரு சிறு பங்கு மெல்ல மெல்ல வேறொரு பொருளாக மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பொருளுக்கு ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃப்யூரல் என்று பெயர். ஆய்வகத்தில் எச்.எம்.எப். என்று சுருக்கிச் சொல்வார்கள்; நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். கொடைக்கானலில் இருக்கும் பாட்டிலில் இந்த மாற்றம் நடப்பதே தெரியாது. சென்னையில், அதுவும் சித்திரை வைகாசியில், அது வேகம் பிடித்துவிடும்.

கலப்படமா, அசலா என்ற கேள்வியிலேயே நம் கவலை முழுவதும் செலவாகிவிடுகிறது. அசல் தேனையே தேடிப்பிடித்து வாங்கி வந்து, அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில் ஒரு வருடம் வைத்து நாமே அதைப் பாழாக்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது.

எச்.எம்.எப். எங்கிருந்து வருகிறது

தேனில் ஏறத்தாழ 38 சதவீதம் பிரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ், மீதியில் பெரும்பங்கு தண்ணீர். நாக்குக்குத் தெரியாவிட்டாலும் தேன் அமிலத்தன்மை உள்ளது, அதன் பி.எச். சராசரியாக 3.9-ஐ ஒட்டி இருக்கும். அமிலம் இருக்கும் இடத்தில் சர்க்கரை மூலக்கூறு ஒன்று மூன்று தண்ணீர் மூலக்கூறுகளை இழந்தால் கிடைப்பதுதான் எச்.எம்.எப். குளுக்கோஸைவிட பிரக்டோஸ் இதற்கு எளிதில் இடம் கொடுக்கும். தேனிலோ பிரக்டோஸ்தான் அதிகம். ஆக, மாற்றத்துக்கு வேண்டிய எல்லாமே பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து வர வேண்டியது சூடு மட்டும்தான்.

அடையிலிருந்து அப்போதுதான் எடுத்த தேனில் எச்.எம்.எப். அநேகமாக இருக்காது, இருந்தாலும் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். அதன்பிறகு ஏறுமுகம்தான். இதைக் கந்துவட்டி மாதிரி நினைத்துக்கொள்ளலாம்: வெயில் ஏற ஏற வட்டி விகிதம் ஏறும், குளிரவைத்தால் புதிதாக வட்டி சேர்வது நிற்கும், ஆனால் ஏற்கெனவே சேர்ந்தது தள்ளுபடி ஆகாது.

அந்த வேகம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் மற்ற படிகளுக்கு அர்த்தம் இருக்கும். ஒரு கிலோ தேனில் சுமார் 30 மில்லிகிராம் எச்.எம்.எப். சேர ஆகும் காலம், தேனின் வகையைப் பொறுத்து, ஏறத்தாழ இப்படி:

30 டிகிரி செல்சியஸில் 100 முதல் 300 நாள்
40 டிகிரியில் 20 முதல் 50 நாள்
50 டிகிரியில் 4 முதல் 10 நாள்
60 டிகிரியில் ஒன்றிலிருந்து இரண்டரை நாள்
70 டிகிரியில் 5 முதல் 14 மணி நேரம்

ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் நாலைந்து மடங்கு கூடுவதைக் கவனியுங்கள். இப்போது சென்னையை நினைத்துப் பாருங்கள். மே மாதத்தில் பகல் வெப்பம் 37, 38 டிகிரி என்பது சாதாரணம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. இரவில்கூட 28-க்குக் கீழே இறங்க மறுக்கும் ஊர் இது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில், கான்கிரீட் கூரையை ஒட்டிய பரணில் என்ன சூடு இருக்கும் என்று அங்கே கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் முதல் ஜூலை வரை நம் சமையலறை அலமாரி மேலே சொன்ன பட்டியலின் முதல் இரண்டு வரிகளுக்கு நடுவில் இருக்கிறது.

சட்டம் சொல்லும் எல்லையும் இதை ஒட்டியதுதான். கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தரவிதி, பொதுவாகக் கிலோவுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வெப்பமண்டல நாட்டுத் தேனுக்கு 80 வரை சலுகை. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வைத்திருக்கும் உச்சவரம்பும் 80. அந்த 80 என்பது வெயில் ஊர்களுக்குக் கொடுத்த விட்டுக்கொடுப்பு. நல்ல தேனின் அடையாளம் என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயப்பட வேண்டிய பொருளா?

வாட்ஸப்பில் சுற்றும் செய்திகளைப் படித்தால் எச்.எம்.எப். ஏதோ ஆலகால விஷம் போலத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. காரணம் நம் காலைக் காபி. வறுத்த காபிக்கொட்டையில் எச்.எம்.எப். கிலோவுக்கு 300 முதல் 1900 மில்லிகிராம் வரை இருப்பதாக ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 மில்லிகிராம் என்ற உச்சத்தில் இருக்கும் தேனில் ஒரு தேக்கரண்டி, அதாவது 7 கிராம், சாப்பிட்டால் உள்ளே போவது அரை மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும். 10 கிராம் காபித்தூளில் இறக்கிய டிகாஷனில், மிகக் குறைந்த கணக்கில், அதுவும் பாதிதான் இறங்கியது என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரை மில்லிகிராம். வெந்நீர்த் தேனை யோசித்து யோசித்துக் குடித்துவிட்டு, பின்னாலேயே இரண்டு டம்ளர் பில்டர் காபி இறக்குகிறவர்கள் நாம்.

அதிக அளவில் உடலுக்குள் சென்ற எச்.எம்.எப்.பின் ஒரு பகுதி வேறொரு சேர்மமாக மாறி மரபணுவைத் தொடக்கூடும் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதனால் விஞ்ஞானிகள் இதைக் கண்காணித்து வருகிறார்கள். உணவில் வரும் இப்போதைய அளவு கவலைக்குரியதல்ல என்று ஜெர்மனியின் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2011-ல் கருத்துச் சொன்னது. இன்னொரு பக்கம், அரிவாள் செல் ரத்தசோகைக்கு இதே எச்.எம்.எப்.பை மருந்தாகத் தர முடியுமா என்றும் மனிதர்களிடம் சோதித்தார்கள்.

அப்படியானால் ஏன் இதைப் பார்க்க வேண்டும்? எச்.எம்.எப். ஒரு சாட்சி. தேன் எவ்வளவு சூடு பட்டது, எவ்வளவு நாள் கிடந்தது என்பதை அது சொல்லிவிடும். அது ஏறும் அதே நேரத்தில் தேனின் மணமும் நொதிகளும் போய்க்கொண்டிருக்கும். டயஸ்டேஸ் என்ற நொதியை எடுத்துக்கொள்ளுங்கள்: 20 டிகிரியில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ நான்கு ஆண்டு, 30 டிகிரியில் சுமார் 200 நாள், 40 டிகிரியில் ஒரே மாதம். மலைத்தேன் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே அந்த மணத்துக்காகத்தானே.

இடையில் ஒன்று. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. சேனை வைப்பதாக இருந்தாலும் சரி, பிள்ளைக்கு மருந்து உரைத்துக் கொடுப்பதாக இருந்தாலும் சரி. இதற்கும் எச்.எம்.எப்.புக்கும் தொடர்பில்லை, தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கிவிடும். பாட்டி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

படி 1: எப்போது வாங்குவது

தேனுக்கும் பருவம் உண்டு என்பதை நகரத்தில் மறந்துவிட்டோம். தமிழ்நாட்டில் பெட்டித் தேனின் தலைமையிடம் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். அங்கே தேன் பெருகுவது ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த வரத்து சென்னைக்கு வந்து சேரும் மார்ச், ஏப்ரல் தொடக்கத்தில் வாங்கினால் புதுத் தேன் கையில் கிடைக்கும். மே மாதத்தில் வாங்குவதை முடிந்தவரை தவிர்க்கலாம்; அந்தத் தேன் லாரியிலும் கிடங்கிலும் கத்திரி வெயிலைப் பார்த்துவிட்டு வந்திருக்கும்.

நீலகிரி, கொல்லிமலைப் பக்கத்து மலைத்தேனுக்குப் பருவம் வேறு. எடுக்கும் இடத்தையும் பூக்கும் மரத்தையும் பொறுத்து மாறும். விற்பவரிடம் "எப்போ எடுத்த தேன்ணா?" என்று கேளுங்கள். மாதத்தைச் சொல்ல முடிந்தவரிடம் வாங்கலாம். "தேனுக்கு ஏதுங்க தேதி" என்பவரிடம் வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. நான் வாங்க மாட்டேன்.

அளவு பற்றியும் ஒரு சொல். மலைக்குப் போனோம், மலிவாகக் கிடைத்தது என்று ஐந்து கிலோ தூக்கிவருவது இந்த ஊருக்குச் சரிவராது. நாலைந்து மாதத்தில் தீர்ந்துபோகும் அளவு வாங்குங்கள்.

படி 2: லேபிளை எப்படிப் படிப்பது

லேபிளில் இருப்பது அடைத்த தேதி. எடுத்த தேதி அல்ல. இரண்டுக்கும் நடுவில் டிரம்மில் எத்தனை மாதம் கிடந்தது என்பதை எந்த லேபிளும் சொல்லாது. 'இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்று ஒன்றரை, இரண்டு ஆண்டு போட்டிருப்பார்கள்; சென்னையில் அறை வெப்பத்தில் வைப்பதானால் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். கடை அலமாரியில் அடைத்து மூன்று மாதத்துக்குள் இருக்கும் பாட்டிலைத் தேடி எடுங்கள். முன்வரிசையில் பழையது, பின்வரிசையில் புதியது என்று அடுக்குவது கடைக்காரர் வழக்கம். கையை உள்ளே விட்டுப் பின்னாலிருந்து எடுப்பதில் வெட்கம் வேண்டாம்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இருக்கிறதா, அடைத்தவரின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். அக்மார்க் முத்திரை இருந்தால் நல்லது.

'பதப்படுத்தியது' என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். நம் நாட்டுத் தேனீக்கள் தரும் தேனில் ஈரப்பதம் சற்று அதிகம். சட்டப்படி 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஈஸ்ட் வளர்ந்து புளித்துவிடும். அதனால் 60, 65 டிகிரிக்குச் சூடாக்கி, வடிகட்டி, ஈரத்தைக் குறைத்து அடைக்கிறார்கள். இருபது, முப்பது நிமிடம் சூடாக்கி உடனே ஆறவைத்தால் எச்.எம்.எப். பெரிதாக ஏறாது, மேலே இருக்கும் பட்டியலைப் பாருங்கள், 60 டிகிரியில் கணக்கு நாளில்தான் ஓடுகிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், சூடாக்கிய பெரிய டிரம்மை ஆறவைக்காமல் அப்படியே மூடி வைக்கும்போது. நடுவில் இருக்கும் தேன் ஆற ஒரு நாளுக்கு மேலாகும். நல்ல கூடத்துக்கும் மட்டமான கூடத்துக்கும் உள்ள வேறுபாடு சூடாக்குவதைவிட ஆறவைப்பதில்தான் இருக்கிறது.

'ரா ஹனி' (சூடாக்காத தேன்) என்று போட்டு இரட்டிப்பு விலை வைப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கடைசியாகச் செய்த பரிசோதனை அறிக்கையில் எச்.எம்.எப். எவ்வளவு? ஒழுங்காகத் தொழில் செய்பவர் அறிக்கையை அனுப்பிவிடுவார்.

படி 3: கடையில் கண்ணும் மூக்கும்

வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் அழகாக அடுக்கிய பாட்டில்களை வாங்காதீர்கள். அண்ணா சாலை காதி பவன் போன்ற பெரிய கடையானாலும், மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையானாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பாட்டில் நிழலில் இருக்கிறதா, சரக்கு வேகமாக விற்றுத் தீர்கிறதா. நடைபாதையில் அலுமினியக் குண்டானில் அடையோடு வைத்து விற்பவர்களிடம் தேன் நாள் முழுக்க வெயிலில்தான் நிற்கிறது. அடை மிதப்பதால் மட்டும் அது புதிய தேன் ஆகிவிடாது.

நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. சூடு பட்ட தேன் கருக்கும் என்பது உண்மை. ஆனால் நாவல், வேம்புத் தேன் எடுக்கும்போதே கருத்துத்தான் இருக்கும். மூக்கு கொஞ்சம் உதவும். புதுத் தேனில் பூ மணமோ, மர மணமோ, லேசான புளிப்போ இருக்கும். அது மங்கி, காய்ச்சிய வெல்லப்பாகு மணம் தூக்கலாக வந்தால், அந்தத் தேன் சூடு பட்டது அல்லது வயதானது. இதுவும் ஊகம்தான். எச்.எம்.எப். அளவை ஆய்வகம்தான் சொல்லும்.

வீட்டுச் சோதனைகளைப் பற்றி: தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்க வேண்டும், தீக்குச்சியில் தொட்டு உரசினால் எரிய வேண்டும், எறும்பு வரக் கூடாது, பெருவிரல் நகத்தில் வைத்தால் வழியக் கூடாது. இவற்றில் ஒன்றுகூட எச்.எம்.எப்.பைக் காட்டாது. கலப்படத்தையும் காட்டாது. கெட்டியான சர்க்கரைப் பாகு இவை எல்லாவற்றிலும் தேர்ச்சி பெற்றுவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எச்.எம்.எப். குறைவு என்றால் சுத்தமான தேன் என்று பொருளல்ல. அந்தக் காலத்துக் கலப்படம் சர்க்கரையை அமிலத்தோடு காய்ச்சிச் செய்த பாகு, அதில் எச்.எம்.எப். எகிறும், அதனால் பிடிபட்டது. இப்போது அரிசி, சோளத்திலிருந்து நொதிகளைக் கொண்டு தயாரிக்கும் பாகில் எச்.எம்.எப். குறைவாகவே இருக்க முடியும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 22 மாதிரிகளைச் சோதித்து 77 சதவீதத்தில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாகச் சொன்னபோது, அந்த மாதிரிகளில் பல இந்தியாவின் வழக்கமான சோதனைகளைத் தாண்டி வந்தவை, என்.எம்.ஆர். என்ற நுட்பமான சோதனையில்தான் சிக்கின. எச்.எம்.எப். சூட்டையும் வயதையும் சொல்லும் எண். அதனிடம் வேறு கேள்வி கேட்காதீர்கள்.

படி 4: வீட்டுக்குக் கொண்டுவருவது

சின்ன விஷயம், ஆனால் பலரும் கோட்டைவிடும் இடம். மலையிலிருந்து வாங்கிய தேனைக் காரின் டிக்கியில் போட்டுவிட்டு, வழியில் சாப்பாட்டுக்கு வெயிலில் நிறுத்தினால், உள்ளே 50 டிகிரியைத் தாண்டுவது சுலபம். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் டிக்கியிலேயே மறந்து கிடப்பதுதான் கெடுதல். ஆன்லைனில் ஆர்டர் செய்வதானால் மார்கழி, தை நல்ல மாதங்கள். கோடையில் வரும் கூரியர் பார்சல் எந்தக் கிடங்கில் எத்தனை நாள் வெந்தது என்பது யாருக்கும் தெரியாது.

படி 5: சென்னை வீட்டில் எங்கே வைப்பது

தவிர்க்க வேண்டிய இடங்கள்: அடுப்புக்கு மேல் அலமாரி, பரண், பிரிட்ஜின் தலைமேல் (அதன் பின்புறம் சூடு விடும்), மேற்குப் பார்த்த சன்னல், இன்வெர்ட்டர் இருக்கும் மூலை. நல்ல இடம்: தரையை ஒட்டிய கீழ் அலமாரி, கிழக்கு அல்லது வடக்குச் சுவர்ப் பக்கம், சாமி அறையின் கீழ்த்தட்டு. தரை மட்டத்துக்கும் பரணுக்கும் நடுவே சில டிகிரி வித்தியாசம் இருக்கும். சாதாரண அறை வெப்பமானி ஒன்றை வாங்கி இரண்டு இடத்திலும் வைத்துப் பாருங்கள்.

பிரிட்ஜில் வைக்கலாமா? கூடாது என்று பலர் சொல்வார்கள். சென்னைக்கு நான் வைக்கலாம் என்பேன். 4, 5 டிகிரியில் எச்.எம்.எப். ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும், நொதியும் அப்படியே இருக்கும். ஒரே தொல்லை, தேன் கெட்டியாகும், சர்க்கரை பூக்கும். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. நான் பின்பற்றும் முறை இது: ஒரு மாதத்துக்கு வேண்டியதைச் சின்னக் கண்ணாடிச் சீசாவில் ஊற்றிக் கீழ் அலமாரியில் வைத்துக்கொள்வது, மீதியை இறுக மூடி மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பிரிட்ஜில் வைப்பது. பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் மூடியைத் திறக்காமல், வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் பனி நீர் உள்ளே படியாது.

இந்த ஊரில் ஈரமும் ஒரு எதிரி. தேன் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போனாலே மூடாத தேன் தண்ணீர் இழுக்கத் தொடங்கும். கடலோரச் சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். இழுத்த தேன் மேலாக நீர்த்து, நுரைத்து, புளிக்கும். எனவே திருகு மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில், ஈரமில்லாத கரண்டி. இரும்பு, பித்தளைப் பாத்திரம் ஆகாது. தேனின் அமிலம் உலோகத்தைத் தொடும்.

படி 6: சர்க்கரை பூத்த தேனை இளக்குவது

ரப்பர்த் தேன் சீக்கிரம் பூக்கும். "சீனிப்பாகை ஊத்திட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்: குளுக்கோஸ் அதிகமாக உள்ள அசல் தேனும் இப்படித்தான் உறையும். 14 டிகிரியை ஒட்டிய குளிர் அதற்கு மிகப் பிடித்தமானது. ஊட்டியில் வாங்கிய பாட்டில் அங்கேயே பூக்கத் தொடங்கியிருக்கலாம்.

அப்படியே கரண்டியால் எடுத்துத் தோசையில் தடவிச் சாப்பிடுவதுதான் ஆகச் சிறந்த வழி. இளக்கியே ஆக வேண்டுமென்றால்:

கண்ணாடிப் பாட்டிலின் மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். அகலப் பாத்திரத்தில் 40, 45 டிகிரி வெந்நீர் ஊற்றி, பாட்டிலின் கழுத்து வரை முங்காமல் நிற்க வையுங்கள். கை வைத்தால் இதமான சூடு, பொறுக்க முடியாத சூடு அல்ல. ஆறினால் நீரை மாற்றுங்கள். இடையிடையே காய்ந்த கரண்டியால் கிளறுங்கள். அரைக் கிலோவுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது பிடிக்கும். அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் வைக்காதீர்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் கொதிக்கும், இன்னோரிடம் கல்லாகவே இருக்கும்.

கத்திரி நாட்களில் இதற்கு வெந்நீர் போடவே தேவையில்லை. மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்கிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் பல வீடுகளில் அந்தச் சூட்டில்தான் வரும். வெப்பமானி இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பாட்டிலையே மாடி வெயிலில் வைத்துவிடாதீர்கள். சிமென்ட் தரை 50 டிகிரியைத் தாண்டும், மாலையில் எடுக்க மறந்தால் மறுநாளும் வேகும். தேவையான அளவை மட்டும் இளக்குங்கள். ஒவ்வொரு முறையும் முழு பாட்டிலைச் சூடாக்கி ஆறவைப்பது வீண்.

படி 7: வெந்நீர், பால், தேன் நெல்லி

சூடான தேன் நஞ்சு என்று ஆயுர்வேதம் சொல்கிறது. சித்த மருந்தையும் தேனில் குழைத்துத்தான் தருகிறார்கள், காய்ச்சி அல்ல. அந்த மருத்துவ நெறியின் காரணங்கள் தனி. அதை எச்.எம்.எப்.போடு முடிச்சுப்போட்டு, வெந்நீரில் தேன் விட்டதும் விஷம் உண்டாகிறது என்று சொல்வதற்கு மட்டும் வேதியியலில் இடமில்லை. 70 டிகிரியில் மணிக்கணக்கில் ஆகும் மாற்றம், டம்ளர் ஆறும் பத்து நிமிடத்தில் நடந்துவிடாது. கொதிக்கக் கொதிக்க விட்டால் மணம் பறந்துபோகும் என்பது உண்மை. குடிக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகு கலந்தால் போதும்.

எச்.எம்.எப். நிஜமாகவே ஏறும் இடம் வேறு. தேன் நெல்லி. நெல்லிக்காயின் புளிப்பு அமிலம், தேனின் பிரக்டோஸ், மாடியில் நாள்கணக்கில் வெயில்: எச்.எம்.எப். தயாரிக்க வேண்டும் என்று ஒருவர் திட்டமிட்டால் இதைத்தான் செய்வார். ரோஜா இதழைத் தேனில் போட்டு வெயிலில் வைக்கும் குல்கந்தும் அப்படியே. சாப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை. நல்ல மலைத்தேனை அதற்குச் செலவழிக்காதீர்கள். நெல்லியை ஆவியில் வேகவைத்து, நீரை முழுக்க உலர்த்தி, தேனில் போட்டு நிழலிலோ பிரிட்ஜிலோ ஊறவைத்தால் ஊற நாள் கூடுதலாகும், ஆனால் தேன் பிழைக்கும். பலகாரத்துக்கு, கேக்குக்கு, பொரித்த பண்டத்தின் மேல் பூசுவதற்கு மலிவான தேன் போதும். 150 டிகிரி அடுப்பில் எல்லாத் தேனும் ஒன்றுதான்.

படி 8: ஆய்வகத்தில் சோதிக்க

மொத்தமாக வாங்கி விற்பவர்கள், மாடியில் பெட்டி வைத்துத் தேனெடுப்பவர்கள், சந்தேகம் வலுத்தவர்கள் இதைச் செய்யலாம். சென்னையில், ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற தனியார் உணவு ஆய்வகங்கள் இருக்கின்றன. கேட்கும்போது "தேனில் எச்.எம்.எப்., டயஸ்டேஸ், ஈரப்பதம்" என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். எந்த முறையில் அளப்பார்கள் என்பதையும் விசாரியுங்கள். கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் அளப்பது நம்பகமானது. அமெரிக்க வேளாண் துறையின் ஜொனாதன் ஒயிட் 1979-ல் வெளியிட்ட புறஊதாக்கதிர் முறையும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஃபீஹே சோதனை என்று பழைய முறை ஒன்று உண்டு: ஈதரில் தேனைப் பிரித்தெடுத்து, ரிசார்சினால் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் சிவப்பு வரும். அது இருக்கிறது, இல்லை என்பதை மட்டும்தான் காட்டும். அதற்காகப் பணம் கட்ட வேண்டாம், வீட்டில் முயலவும் வேண்டாம், ஈதர் தீப்பற்றும்.

கடையில் வாங்கிய தேனின் மீதே ஐயம் என்றால் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-ன் 40-வது பிரிவு வாங்குபவருக்கே ஒரு வழி தருகிறது. கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அந்த எண்ணத்தைத் தெரிவிக்க வேண்டும். தரமற்றது என்று அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு.

அறிக்கை வந்ததும் இப்படிப் படியுங்கள். எச்.எம்.எப். 15-க்குள், டயஸ்டேஸ் 8-க்கு மேல்: புதிய தேன், நன்றாகக் கையாண்டிருக்கிறார்கள். எச்.எம்.எப். 40-லிருந்து 80-க்குள்: சட்டப்படி சரி, ஆனால் ஒரு கோடையைக் கடந்த தேன், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். 80-க்கு மேல்: விற்கத் தகுதியில்லை. எச்.எம்.எப். குறைவு, டயஸ்டேஸும் 3-ஐ ஒட்டிக் குறைவு: இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சில பூக்களின் தேனில் இயல்பிலேயே நொதி குறைவு. கோடெக்ஸ் அதற்கென்றே டயஸ்டேஸ் 3 வரை ஏற்கிறது. அல்லது பாகு கலந்திருக்கலாம். அப்போதுதான் கலப்படத்துக்கான தனிச் சோதனைக்குச் செலவு செய்ய வேண்டும்.

படி 9: பழைய பாட்டிலை என்ன செய்வது

பரணில் மூன்று வருடத்துக்கு முந்தைய பாட்டில் அகப்பட்டால் கொட்ட வேண்டாம். புளித்த வாடையோ நுரையோ இல்லையென்றால் சமையலுக்கு, முகப்பூச்சுக்கு ஆகும்.

ஒன்றே ஒன்றைச் செய்யாதீர்கள்: தேனீக்களுக்கு வைக்காதீர்கள். நமக்குப் பொருட்டில்லாத அளவு அவற்றுக்கு நஞ்சு. கிலோவுக்கு 30 மில்லிகிராம் வரை தாங்கிய தேனீக்கள், 150 மில்லிகிராம் உள்ள பாகைக் குடித்தபோது பாதிக்கு மேல் 20 நாளுக்குள் செத்ததை 1975-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. குடல் புண்ணாகி வயிற்றுப்போக்கு கண்டு சாகும். சென்னையில் மாடித்தோட்டத்தில் பெட்டி வைப்பவர்கள் கூடிவருகிறார்கள். பூ இல்லாத மாதங்களில் தீனி கொடுக்கும்போது, சர்க்கரை கட்டிப்படாமல் இருக்கட்டும் என்று எலுமிச்சம் பழம் பிழிந்து பாகு காய்ச்சும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அமிலமும் கொதியும் சேர்ந்தால் எச்.எம்.எப்.தான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, சம அளவு வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிக் கரையுங்கள். எலுமிச்சை வேண்டாம், வெல்லமும் வேண்டாம். ஆறியதும் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் மாலையில் பெட்டிக்குள் வைத்து, மீந்ததை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள்.